காப்பிரி முத்தப்பனும் கொச்சி அரசரும்: ஓர் ஒப்பந்தத்தின் இரு சுவர்கள்

(நீண்ட பதிவு. வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் ஆகிய துறைகளில் பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது. மாற்றுக் கருத்துகளை வரவேற்கிறேன்.)

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையைக் காணச் செல்வோர் அனைவரும் அதன் பள்ளியறைச் சுவர்களின் முன் நின்று விடுவது வழக்கம். தசரதன் மகப்பேறு வேண்டிச் செய்யும் வேள்வியில் தொடங்கி, போர் முடிந்து சீதை மீள்வது வரை இராமாயணம் அங்கே சுவர்நிறைய விரிகிறது. அரசர் துயின்ற அறையில் அரக்கர்களும் உடன் உறைந்தார்கள் என்று சொல்லத் தோன்றும். அதே ஊரில், மங்காட்டுமுக்கு என்னும் இடத்தில், வேறொரு சுவர் உண்டு. அங்கே ஓவியம் இல்லை. மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், சுருட்டு வைக்கிறார்கள், கள், புட்டு, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றைப் படைக்கிறார்கள். அந்தப் படையலைப் பெறுபவர் காப்பிரி முத்தப்பன். போர்ச்சுகீசியர் கொண்டுவந்த ஆப்பிரிக்க அடிமை ஒருவரின் ஆவி என்பது ஊரார் நம்பிக்கை.

முதற்சுவர் அரசருடையது, இரண்டாவது தெருவினுடையது. இவ்விரண்டையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாக வாசிக்க வேண்டும் என்பதே இப்பதிவின் கருத்து.

1. அரசனும் பேயும்: நாம் அறிந்த ஒரு கதையமைப்பு

அரசனுக்கும் பேய்க்கும் இடையிலான உடன்பாடு என்றதும் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது விக்கிரமாதித்தனும் வேதாளமும். சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இக்கதைத்தொடர் இடம்பெற்றுள்ளது. வடமொழியில் சிம்சுபா மரத்தில் தொங்கிய வேதாளம் தமிழுக்கு வந்தபோது முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டது, பழமொழியாகவும் நிலைத்துவிட்டது.

அந்த உடன்பாட்டின் விதிகளைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். அரசன் பிணத்தைத் தோளில் சுமக்க வேண்டும், வாய் திறக்கலாகாது. வேதாளமோ வழிநெடுக மனிதர்களின் காதல், ஈகை, வஞ்சம், நாணம் பற்றிய கதைகளைச் சொல்லி, இவர்களுள் உயர்ந்தவர் யார், எவருடைய அன்பு மெய்யானது என்று வினவுகிறது. விடை தெரிந்தும் அரசன் பேசாதிருந்தால் தலை சிதறும். பேசினால் வேதாளம் மரத்திற்கே திரும்பும். வேதாளம் அரசனிடம் பொன்னையோ உயிரையோ கேட்கவில்லை. மனித உள்ளத்தைப் பற்றிய தீர்ப்பையே அது திரும்பத் திரும்பக் கேட்கிறது. தான் இழந்துவிட்ட வாழ்வின் உணர்வுகளை, அதிகாரம் உடைய ஒருவனின் வாயால் அறிந்துகொள்ள அது விழைகிறது எனலாம். இந்த விதிகளை நினைவில் வைத்துக்கொண்டு கொச்சிக்குச் செல்வோம்.

2. ஓடு வேய முடியாத அரசர்

1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்து, கொச்சியின் கழிமுகம் திறந்தது என்பது கேரள வரலாற்றில் பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. துறைமுகம் கிடைத்தது; ஆயினும் அரசுரிமை முழுமையாகக் கிடைக்கவில்லை. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் மேலாதிக்கத்திற்குக் கொச்சி உட்பட்டிருந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் பல்லாண்டு வாழ்ந்த போர்ச்சுகீசிய எழுத்தர் துவார்த்தே பார்போசா, போர்ச்சுகீசியர் வருமுன் கொச்சி அரசர் நாணயம் அடிக்கவும் தம் மாளிகைக்கு ஓடு வேயவும் உரிமை அற்றவராய் இருந்தார் என்று குறிப்பிடுகிறார். கூரையின் பொருள் கூட இன்னொருவரின் ஆணைக்கு உட்பட்டிருந்த நிலை அது.

இந்நிலையில்தான் 1500 டிசம்பரில் கப்ரால் தலைமையிலான கப்பல்கள் கொச்சிக்கு வந்தன. கோழிக்கோட்டில் மோதல் ஏற்பட்டுப் புறப்பட்டு வந்தவர்கள் அவர்கள். சாமூதிரியின் பகைவர் கொச்சி அரசருக்கு நண்பரானார், மிளகு கைமாறியது. 1503இல் அந்நட்புக்கு விலை கேட்கப்பட்டது. போர்ச்சுகீசியரை ஒப்படைக்குமாறு சாமூதிரி கோரினார். கொச்சி அரசர் மறுத்தார். படையெடுப்பு நிகழ்ந்தது. கொச்சிப் பிரபுக்களில் சிலரே சாமூதிரியின் பக்கம் சாய்ந்தனர். அரசர் வைப்பின் தீவில் அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அல்புகெர்க்கின் கப்பல்கள் வந்து அவரை மீட்டன. உடனடியாக மரத்தாலான கோட்டை ஒன்று எழும்பியது. மீட்பும் கோட்டையும் ஒன்றாகவே வந்தன என்பது கருதத்தக்கது. 1505 முதல் கொச்சி, போர்ச்சுகீசியரின் இந்திய ஆட்சிக்குத் தலைமையிடமாயிற்று. 1530இல் அத்தலைமை கோவாவுக்கு மாறியது.

கொச்சி அரசரை நன்றி மறவாதவர் என்றும், அந்நியருக்குக் கதவு திறந்தவர் என்றும் இருவகையாக எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே எளிமைப்படுத்தல்கள். சிறிய அரசு ஒன்று, அண்டையில் இருந்த பெரிய அரசின் பிடியிலிருந்து விடுபட, தொலைவில் இருந்த பெரிய அரசின் கையைப் பற்றியது. தொலைவில் இருந்தது அண்டையில் வந்து குடியேறிவிடும் என்பதை அரசர் எதிர்நோக்கவில்லை. மதம் மாறியவர்கள் மீது நீதி செலுத்தும் உரிமை யாருக்கு, கோயில்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று பூசல்கள் தொடர்ந்தன.

மட்டாஞ்சேரி அரண்மனை இந்தப் பூசல்களின் நடுவில் பிறந்தது. 1555ஆம் ஆண்டளவில் போர்ச்சுகீசியர் இதனைக் கட்டி வீர கேரள வர்மருக்கு அளித்தனர். கோயில் ஒன்றை அவர்கள் கொள்ளையிட்டதால் எழுந்த கசப்பை ஆற்றுவதற்கான கொடை இது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். ஓடு வேயும் உரிமை அற்றிருந்த அரசகுலத்திற்கு அரண்மனையே கிடைத்தது. அதன் வடிவம் கேரள நாலுகெட்டு. நடுமுற்றத்தில் குலதெய்வமான பழையன்னூர் பகவதியின் கோயில். தந்தவர் யாராயினும் உள்ளுறைபவள் எங்கள் தெய்வமே என்று அரசகுலம் சொல்லிக்கொண்டது போல இருக்கிறது அந்த அமைப்பு.

கொச்சி அரசமரபில் இன்னொரு வழக்காறும் உண்டு. மூதாதையர் முடிசூடிய வன்னேரியைச் சாமூதிரி கைப்பற்றிவிட்டதால், அங்கே மீண்டும் முடிசூடும் நாள்வரை மணிமுடியைத் தலையில் அணிவதில்லை என்று அரசர்கள் நோன்பு பூண்டனராம். முடிசூட்டு நாளிலும் முடி மடியில்தான் இருந்தது. இழப்பையும் இயலாமையையும் சடங்காக மாற்றி வைத்துக்கொண்ட ஓர் அரசகுலத்தின் மனநிலையை இதைவிடத் தெளிவாக எந்த உடன்படிக்கை ஓலையும் காட்டாது.

3. 1662–1663: உடன்பாடு கைமாறுகிறது

அரசுரிமைப் பூசலில் போர்ச்சுகீசியர் ஒரு தாய்வழியை ஆதரித்தனர்; ஒதுக்கப்பட்ட தாய்வழியின் இளவரசர் டச்சுக்காரரின் துணையை நாடினார். சாமூதிரியும் டச்சுக்காரர் பக்கம் நின்றார். 1662 தொடக்கத்தில் டச்சுப் படை மட்டாஞ்சேரி அரண்மனையையே தாக்கியது. சமாதானக் கொடையாகக் கட்டப்பட்ட மாளிகை போர்க்களமாயிற்று. இளவரசர்கள் மாண்டனர், முதிய அரசி சிறைப்பட்டார். அரசியைப் பிடித்த அதிகாரி ஹெண்ட்ரிக் வான் ரீட். இவரே பின்னாளில் மலபாரின் டச்சுத் தளபதியாகி, இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் வைத்தியர்களின் அறிவைத் திரட்டி, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலை உருவாக்கியவர்.

1663 ஜனவரியில் கொச்சிக் கோட்டை டச்சுக்காரரிடம் வீழ்ந்தது. போர்ச்சுகீசியர் வெளியேறினர். அவ்வாண்டு மார்ச்சில் புதிய அரசருடன் டச்சுக்காரர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அரண்மனையையும் செப்பனிட்டுக் கொடுத்தனர். இன்று பலரும் அதனை டச்சு அரண்மனை என்றழைப்பது இதனால்தான். அரசர் மாறினார்; உடன்பாட்டின் மறுபக்கத்தில் இருந்தவரும் மாறினார்; உடன்பாடு மட்டும் மாறவில்லை.

நீதியின் பொருட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொச்சி அரசர்கள் யாவற்றையும் விட்டுக்கொடுத்தவர்கள் அல்லர். கொடுங்கல்லூரிலிருந்து துன்புற்று வந்த யூதர்களுக்கு அரண்மனையை ஒட்டியே நிலம் அளித்தனர். 1568இல் அங்கே பரதேசி யூதப் பள்ளி எழுந்தது. கோவாவில் சமய விசாரணை மன்றம் நடந்துகொண்டிருந்த காலம் அது. தம் கூட்டாளியால் வெறுக்கப்பட்டவர்களைத் தம் சுவருக்குப் பக்கத்தில் வைத்துக் காத்த துணிவு சாதாரணமானதன்று. 1662இல் போர்ச்சுகீசியர் அப்பள்ளியைச் சேதப்படுத்தினர். டச்சுக்காரர் காலத்தில் அது மீண்டும் செப்பனிடப்பட்டது.

ஆனால் அரசரின் நிழல் எல்லார் மீதும் விழவில்லை.

4. போனவர்களும் விடப்பட்டவரும்

போர்ச்சுகீசியக் கப்பல்கள் மிளகை மட்டும் ஏற்றவில்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மனிதர்களையும் இந்தியத் துறைமுகங்களுக்குக் கொணர்ந்தன. இறைமறுப்பாளர் என்று பொருள்படும் காஃபிர் என்னும் அரபுச் சொல், போர்ச்சுகீசியர் வாயில் காஃப்ரெ ஆகி, மலையாளத்திலும் தமிழிலும் காப்பிரி ஆயிற்று. தங்கள் பெயரையும் ஊரையும் இழந்தவர்களுக்கு, அவர்களை வாங்கி விற்றவர்கள் வைத்த பெயர் இது. இலங்கையில் புத்தளம் அருகே சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வழியினரும் இப்பெயராலேயே அறியப்பட்டனர். கிரியோல் போர்ச்சுகீசியத்தில் அவர்கள் பாடும் பாடல்கள் இன்றும் அங்கே ஒலிக்கின்றன.

மட்டாஞ்சேரியின் வாய்மொழி மரபு இவ்வாறு சொல்கிறது: டச்சுக்காரரிடம் தோற்று வெளியேறும் வேளையில், எடுத்துச் செல்ல இயலாத செல்வத்தைப் போர்ச்சுகீசியர் சுவர்களுக்குள்ளும் மரத்தடிக் குழிகளிலும் மறைத்தனர். அதற்குக் காவலாகத் தங்கள் காப்பிரி அடிமைகளைக் கொன்று உடன் புதைத்தனர். என்றேனும் திரும்பி வருவோம், அதுவரை காத்திரு என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. கட்டளையிட்டவர் திரும்பவேயில்லை. காப்பிரி இன்னும் காத்திருக்கிறார்.

அவர் எவ்வாறு காத்திருக்கிறார் என்பதில்தான் இந்த வழக்காற்றின் தனித்தன்மை இருக்கிறது. சுவர்மீதோ மரத்தின் மீதோ அமர்ந்து சுருட்டுப் புகைக்கிறார். இரவில் வழி தவறியவருக்கு வழி காட்டுகிறார். எவரையும் வீணே துன்புறுத்துவதில்லை. சமய வேறுபாடின்றி ஊரார் அவருக்குப் படையல் இடுகின்றனர். முத்தப்பன் என்றால் மூத்த அப்பன், அதாவது பாட்டன். கொலையுண்ட அந்நியர் ஊருக்குப் பாட்டனாகிவிட்டார்.

5. மதுரையில் நடந்ததும் கொச்சியில் நடக்காததும்

கொல்லப்பட்டவர் தெய்வமாவது தமிழகத்து ஆய்வாளருக்குப் புதிதன்று. நா. வானமாமலை முதலானோர் கதைப்பாடல்களைப் பதிப்பித்தும் ஆராய்ந்தும் இதனை விரிவாகக் காட்டியுள்ளனர். கழுவேற்றப்பட்ட காத்தவராயன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன் ஆகியோர் நாம் நன்கறிந்தவர்கள்.

மதுரை வீரன் கதையை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். திருமலை நாயக்கரின் ஆணையால் வீரன் தண்டிக்கப்பட்டு மாள்கிறான். இறந்தவன் ஓய்வதில்லை, உரிய வழிபாடு வேண்டிச் சீற்றம் கொள்கிறான். ஊர் துன்புறுகிறது. முடிவில் அவனுக்கு மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுர வாயிலில் இடம் தரப்படுகிறது, தண்டிக்கப்பட்டவன் காவலனாகிறான். திருமலை நாயக்கரின் ஆட்சி 1623 முதல் 1659 வரை. கொச்சிக் கோட்டை வீழ்ந்தது 1663. ஒரே நூற்றாண்டின் பின்புலத்தில் நிறுத்தப்பட்ட இரு கதைகள் இவை.

மதுரைக் கதையில் உடன்பாட்டின் இரு தரப்பும் களத்தில் இருக்கின்றன. கொன்ற அதிகாரம் அங்கேயே இருக்கிறது. கொல்லப்பட்டவனின் ஆவி அதனிடமே நேராகக் கேட்கிறது. அதிகாரம் அஞ்சி, இடம் தந்து, பணிகிறது. தவறு ஒப்புக்கொள்ளப்படுவதற்குரிய ஒரு வடிவம் அக்கதையில் உண்டு. அது முழுமையான நீதியன்று. ஆயினும் முகத்துக்கு முகம் நடந்த பேச்சு.

மட்டாஞ்சேரியில் அப்பேச்சு நடக்கவில்லை. கொன்றவர்கள் கப்பலேறிவிட்டார்கள். அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரருக்கு அக்கொலை முன்னவரின் கணக்கு. கொச்சி அரசரோ கதையிலேயே இல்லை. என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இந்த இன்மைதான். போர்ச்சுகீசியரின் நட்பால் அரசுரிமை பெற்றவர், அவர்கள் கட்டிய அரண்மனையில் வாழ்ந்தவர், காப்பிரியின் கதையில் ஒரு சொல்லும் பேசாத பாத்திரமாகக்கூட வருவதில்லை. காப்பிரியும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. ஆகவே அரசர் செய்திருக்க வேண்டிய உடன்பாட்டை ஊரார் செய்துகொண்டனர்: உனக்குப் பசித்தால் நாங்கள் உணவிடுகிறோம், நீ எங்களைக் காப்பாயாக.

6. வெகுளி இல்லாத ஆவி

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்பட்டுப் பிறர் அறியக் கிடப்பதே மெய்ப்பாடு. கொலையுண்ட ஆவியிடம் நாம் எதிர்பார்க்கும் மெய்ப்பாடு வெகுளி. மதுரை வீரனிடம் அது உண்டு. காப்பிரியிடம் ஏன் இல்லை?

அரண்மனைச் சுவரும் கேரள அரங்கும் அரக்கனின் உணர்வை எவ்வாறு கையாண்டன என்பதை இங்கே நினைவுகூரலாம். சக்திபத்திரரின் ஆச்சரியசூடாமணி நாடகத்தின் அசோகவனிகாங்கம் கூடியாட்டத்தில் இராவணனின் காதல் ஏக்கத்தை விரிவாக நடிக்க இடம் தருகிறது. கதகளியில் அவனுக்குரிய கத்தி வேடம், பச்சை நிறத்தின் பெருமையையும் சிவப்பின் கொடுமையையும் ஒரே முகத்தில் வைக்கிறது. அரக்கனுக்கும் உள்ளம் உண்டு என்பதை உயர்மரபு நன்றாகவே அறிந்திருந்தது. ஆனால் அந்த அரக்கன் அரசன், இலங்கை வேந்தன், அவனுடைய ஏக்கம் அரங்கேறத் தக்கது. பெயரற்ற அடிமையின் ஏக்கத்திற்கு அரங்கு கிடைக்கவில்லை. அதற்குக் கிடைத்தது ஒரு தெருச்சுவர்.

காப்பிரியின் சாந்தத்தை இரண்டு விதமாக விளக்கலாம்.

முதல் விளக்கம் ஐயத்திற்குரியது, எனினும் தவிர்க்க முடியாதது. ஆவியைச் சாந்தமானவர் ஆக்கியது ஊராரின் வசதி. புதையல் மீது ஆசை இருந்தது. அதைக் காப்பவரை நட்பாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. புன்னகை செய்யும் அடிமை, கேட்பவருக்குக் குற்றவுணர்வைத் தருவதில்லை. உலகெங்கும் அடிமைமுறை பற்றிய நினைவுகள் இவ்வாறு இனிமையாக்கப்பட்டதுண்டு. சுற்றுலாக் கையேடுகள் இக்கதையைச் சுவையான பேய்க்கதையாகச் சொல்லும்போது இந்த ஆபத்து மேலும் கூடுகிறது.

இரண்டாம் விளக்கம் படையலிலிருந்து தொடங்குகிறது. காப்பிரிக்குப் படைக்கப்படுபவை பொன்னும் பட்டும் அல்ல. புட்டு, மீன், கள், சுருட்டு. உழைத்துக் களைத்த ஒருவர் அந்தியில் விரும்புபவை. இவற்றைத் தேர்ந்தவர்கள் அவருடைய பசியையும் களைப்பையும் தங்கள் உடலால் அறிந்தவர்களாக இருக்க வேண்டும். கேரளத்தில் புலையர் முதலிய சமூகத்தினர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகளாக வாழ்ந்தனர் என்பதை மறக்கலாகாது. கொச்சி அரசில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1854இல்தான், திருவிதாங்கூரில் 1855இல். காப்பிரியின் துயரம் துறைமுக நகரின் உழைக்கும் மக்களுக்கு அந்நியமானதாக இருந்திருக்காது. அவரை அஞ்சி விலக்காமல் பாட்டன் என்று அழைத்தது, உறவு அறுக்கப்பட்ட ஒருவருக்கு உறவு தந்த செயல். அடிமையாக்கப்படுவது என்பது முதலில் உறவை இழப்பது; இவ்வழிபாடு அதை எதிர்த்திசையில் செய்கிறது.

நான் இரண்டாம் விளக்கத்தின் பக்கம் சாய்கிறேன். ஆனால் முதலாவதைக் கைவிடவில்லை. ஆசையும் பரிவும் ஒரே படையலில் கலந்திருப்பது மனித இயல்புதான். காப்பிரியின் முகத்தில் ஊரார் கண்டது உவகை அன்று; வெகுளிகூடத் தேய்ந்துபோன நீண்ட காத்திருப்பு. திரும்பி வராத ஆண்டைக்காக ஒருவர் காத்திருக்கும் காட்சியைக் கற்பனை செய்தவர்கள், அடிமைமுறையின் கொடுமையைச் சட்ட வல்லுநர்களைவிட நுட்பமாகப் புரிந்துகொண்டவர்கள். இறந்த பின்னும் ஆணை நீங்கவில்லை என்பதல்லவா அக்கதையின் சாரம்?

7. கதையை எவ்வாறு சான்றாகக் கொள்வது?

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். புதையலைக் காக்கும் பூதம் என்பது இந்தியாவெங்கும் வழங்கும் கதைக்கூறு. காவலுக்காக ஒருவரைப் பலியிட்டுப் புதைப்பதும் அவ்வாறே. ஆகவே, 1663இல் இன்ன சுவரில் இன்னார் புதைக்கப்பட்டார் என்பதற்குக் காப்பிரி வழக்காற்றை நேரடிச் சான்றாகக் காட்ட முடியாது. பழைய கதைக்கூறு ஒன்று புதிய வரலாற்று அனுபவத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று கொள்வதே முறை. கேட்க வேண்டிய வினா, இது நடந்ததா என்பதைவிட, ஏன் இந்த ஊரில் பூதத்தின் இடத்தில் ஓர் ஆப்பிரிக்க அடிமை வைக்கப்பட்டார் என்பதே. ஆப்பிரிக்க அடிமைகள் போர்ச்சுகீசியக் கொச்சியில் வாழ்ந்தனர், உழைத்தனர், உடைமையாகக் கருதப்பட்டனர். இது வரலாறு. உடைமையைக் காக்க உடைமையே புதைக்கப்பட்டது என்ற கதை, அந்த வரலாற்றின் மீது ஊரார் அளித்த தீர்ப்பு.

அடிமை வாணிகம் கொச்சியோடும் போர்ச்சுகீசியரோடும் நின்றதன்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் அது மேலும் முறைப்படுத்தப்பட்டது. மலபார்க் கரையிலிருந்தும், நம் பழவேற்காடு, நாகப்பட்டினம் துறைகளிலிருந்தும் மனிதர்கள் ஏற்றுமதியாயினர். பஞ்சக் காலங்களில் விற்பனை பெருகியது. தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்து ஆவணங்களில் மலபார், வங்காளம் முதலிய இடப்பெயர்களையே குடும்பப்பெயராகச் சுமந்த அடிமைகளைக் காண்கிறோம். ஆப்பிரிக்கர் இங்கே காப்பிரி ஆன அதே உலகில், நம்மவர் ஆப்பிரிக்காவில் மலபாரி ஆயினர். தமிழகத்திலும் அடிமைமுறை அந்நியர் கொணர்ந்ததன்று. தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டோரைப் பற்றிய சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. காப்பிரிக்காக இரங்குவதற்கு முன் நம் வீட்டுக் கணக்கையும் நாம் பார்க்க வேண்டும்.

கொச்சி டச்சு ஆவணங்களில் அடிமைகள் பெரும்பாலும் விற்பனைப் பத்திரங்களின் வழியே தோன்றுகின்றனர்: பெயர், வயது, சாதி, விலை. உணர்வு எதுவும் அங்கே பதிவாவதில்லை. ஆனால் நீதிமன்ற விசாரணை ஏடுகளில் நிலை சற்று வேறு. தப்பியோடியவர், கடத்தி விற்கப்பட்டவர் ஆகியோரின் வாக்குமூலங்கள், எழுத்தரின் மொழியில் வடிகட்டப்பட்டேனும், அங்கே கிடைக்கின்றன. வான் ரீடின் காலத்தில் மலபாரின் செடிகொடிகளின் பெயர்கள் பல மொழிகளில் கவனமாகக் குறிக்கப்பட்டன. அதே நகரத்தில் விற்கப்பட்ட மனிதரின் அச்சத்தையும் ஏக்கத்தையும் அறிய நாம் விசாரணை ஏடுகளின் இடுக்குகளில் தேட வேண்டியிருக்கிறது.

8. வேதாளத்தின் விதி

தொடக்கத்தில் சொன்ன வேதாளத்திற்குத் திரும்புகிறேன். அதன் விதியில் ஒரு நுட்பம் உண்டு. அரசன் விடை அறியாமல் மௌனமாக இருந்தால் தலை சிதறாது. கடைசிக் கதையில் விக்கிரமாதித்தன் உண்மையிலேயே விடை தெரியாமல் மௌனமாகிறான். அப்போதுதான் வேதாளம் மனம் கனிந்து அவனைக் காக்கிறது. தண்டனைக்குரியது அறியாமை அன்று, அறிந்தும் பேசாமை.

கொச்சி அரசர் தம் தோளில் இருந்த சுமையை அறிந்திருந்தார். கோட்டைக்குள் அடிமைகள் இருந்ததையும், தம் வயல்களில் அடிமைகள் இருந்ததையும் அறிந்திருந்தார். யூதருக்காகப் பேசத் துணிந்த அரசமரபு இவ்விடத்தில் வாய் திறக்கவில்லை. அக்காலத்து அரசர் எவரும் திறக்கவில்லை என்று நியாயம் சொல்லலாம். அது அவரைத் தனித்துக் குற்றவாளி ஆக்காமல் இருப்பதற்கே உதவும். மௌனத்தை மௌனமில்லை என்று ஆக்காது.

இப்போது பிணம் நம் தோளில் இருக்கிறது. கொச்சியின் டச்சு ஆவணங்கள் சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1911இலேயே அவற்றிலிருந்து ஒரு தொகுதியைக் கல்லெட்டி பதிப்பித்தார். நூறாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. பழைய டச்சு மொழியைக் கற்று அவ்வேடுகளை வாசிக்கும் தமிழ் ஆய்வாளர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. கல்வெட்டுக்காக வட்டெழுத்தும் கிரந்தமும் கற்கிறோம். அரசர் என்ன கொடை தந்தார் என்று அறிவதற்கு அது போதும். விற்கப்பட்டவர் விசாரணை மன்றத்தில் என்ன சொன்னார் என்று அறிய இன்னொரு மொழியும் வேண்டும். முனைவர் பட்டத்திற்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மட்டாஞ்சேரிக்குச் செல்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அரண்மனையின் பள்ளியறையில் நின்ற அளவு நேரம் அந்தத் தெருச்சுவரின் முன்னும் நில்லுங்கள். அங்கே சுருட்டு வைப்பவரிடம், புதையல் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். முத்தப்பனுக்கு இன்று என்ன படைத்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையிலிருந்து இந்த வரலாற்றை மீண்டும் எழுதத் தொடங்கலாம்.